கரிய மணலும் இரும்பு கழிக்கும் அமிலமும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் கரையோர வீதி, நிலாவெளியைத் தாண்டியதும் இறக்கக்கண்டியில் ஒரு களப்பினைப் பாலத்தின் வழியாகக் கடக்கின்றது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் களப்பு. இவ்விரண்டையும் நம்பியே அவ்வூரின் மீனவர் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வாடைக்காற்றின் கொந்தளிப்பு அடங்கிய பின்னர் அக்கரையோரமாக வடக்கு நோக்கி நடப்போர், வெண்மணலின் மேல் யாரோ கரித்தூளைத் தூவிச் சென்றாற்போன்ற கரிய வரிகளை ஆங்காங்கே காண்பர். அதனை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் கை கனக்கும். சாதாரண மணலைப்போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பாரம் அதற்கு உண்டு. அலை இழுத்துச் செல்லும்போது இலேசான வெண்மணல் அலையோடு போய்விடுகின்றது. பாரமான கரிய மணி கரையிலேயே தங்கிவிடுகின்றது. சுளகிலே அரிசியைப் புடைக்கும் பெண்கள் செய்யும் வேலையைத்தான் அங்கே கடல் செய்கின்றது எனலாம்.

வடக்கே செல்லச் செல்ல இவ்வரிகள் தடித்து, புல்மோட்டையை அடைந்ததும் கரையே கறுத்துவிடுகின்றது. அங்குள்ள மணலில் நூற்றுக்கு 70 பங்கு அளவில் இல்மனைற்று என்னும் கனியமே இருக்கின்றது. உரூத்தைல், சேர்க்கோன் ஆகிய வேறு இரு கனியங்களும் சிறு அளவில் அதனுடன் கலந்துள்ளன. இவற்றை அள்ளிப் பிரித்து விற்பதற்காகவே 1957ஆம் ஆண்டிலே இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1992இல் அது அரசுக்குச் சொந்தமான ஒரு கம்பனியாக மாற்றப்பட்டது. போர் நடைபெற்ற ஆண்டுகளில் வேலை பலமுறை தடைப்பட்டபோதிலும், ஒன்று மாத்திரம் பெரும்பாலும் மாறவில்லை. இல்மனைற்று மணலாகவே கப்பலேறியது; மணலாகவே விலை போயிற்று.

அந்த மணலுக்குள் இருப்பது யாது? இல்மனைற்று என்பது இரும்பும், டைட்டானியம் எனப் பரவலாக வழங்கும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு கூடி உண்டான ஒரு சேர்க்கை. 1791இலே இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் இத்தகையதொரு கரிய மணலை ஆராய்ந்த வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியாரே அதற்குள் அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் இருப்பதை முதலிற் கண்டவர். தூய இல்மனைற்றின் 100 பங்கில் ஏறத்தாழ 53 பங்கு தைத்தேனியமீரொட்சைட்டு. எஞ்சிய 47 பங்கு இரும்பு ஒட்சைட்டு. முதலாவது பொருளே உலகின் வெண்மை. சுவருக்குப் பூசும் வெள்ளை, காகிதத்தின் வெள்ளை, பிளாத்திக்குப் பொருளின் வெள்ளை ஆகியவற்றிற் பெரும்பகுதி அதனால் வருவதே. கரிய மணலுக்குள் உலகத்து வெள்ளை ஒளிந்திருக்கின்றது. அதனை மறைத்து நிற்பது இரும்பு. ஆகவே இந்த மணலிலே இரும்புதான் வேண்டாத பொருள்.

இரும்பு வேண்டாத பொருளாவது விந்தையாகத் தோன்றலாம். உருக்காலையிலே நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே இரும்பு ஒன்றே வேண்டும். மற்றவை எல்லாம் கசடு. இரும்புக்கிட்டம் என்று நம் முன்னோர் அழைத்தது இக்கசட்டையே. ஆயினும் இவ்விரு இடங்களிலும் எழும் வினா ஒன்றுதான்: கல்லோடு கல்லாய்ப் பிணைந்துபோன இரும்பை வெளியே எடுப்பது எப்படி? அதற்கு அமிலம் உதவுமா?

உருக்குக் கசட்டை முதலிற் பார்ப்போம். உருகிய வார்ப்பிரும்பின் மேல் ஒட்சிசனை ஊதி உருக்கு ஆக்கும்போது, ஒவ்வொரு தொன் உருக்குக்கும் ஏறக்குறைய 100 முதல் 150 கிலோகிராம் கசடு உண்டாகின்றது. அதிலே துண்டு துண்டாகச் சிக்கிய உலோக இரும்பை எடுப்பது எளிது. கசட்டை உடைத்துக் காந்தத்தின் கீழே செலுத்தினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும். ஆலைகள் யாவும் இதைச் செய்கின்றன. அதற்கப்பாலும் கசட்டில் 20 முதல் 30 வீதம் வரையில் இரும்பு ஒட்சைட்டு எஞ்சி நிற்கும். அது உலோகமாக அன்றிக் கல்லாக நிற்பதால் காந்தத்துக்கு அகப்படாது. அமிலத்தில் ஊறவைத்தால் அது கரையுமே என்று எவருக்கும் தோன்றும்.

கரையும் என்பதில் ஐயமில்லை. துருவேறிய கத்தியை எலுமிச்சங்காயால் தேய்த்துத் துலக்குவது வீடுதோறும் உள்ள வழக்கம். இரும்புச் சட்டியிலே புளிக்கறி வைத்தால் கறி கறுப்பதும், புளியின் அமிலம் இரும்பைச் சற்றே கரைத்துக்கொள்வதனால்தான். சித்த மருத்துவர் மண்டூரம் என வழங்குவது நெடுங்காலம் மண்ணிற் கிடந்த இரும்புக்கிட்டத்தையே. அதனைப் புளிப்பும் துவர்ப்புமான சாறுகளிலே ஊறவைத்தும் அரைத்தும் புடமிட்டும் சோகை நோய்க்கு மருந்தாக்கினார்கள். ஆலைக் கழிவிலிருந்து அமிலத்தின் துணையால் இரும்பைப் பெறும் எண்ணம் புதியதன்று, அளவுதான் புதியது.

அந்த அளவிலேதான் இடர் பிறக்கின்றது. உருக்குக் கசட்டில் இரும்பைவிட மிகுதியாக இருப்பது சுண்ணாம்பு. உருக்கிலுள்ள பொசுபரசையும் கந்தகத்தையும் உறிஞ்சுவதற்காக ஆலையார் வேண்டுமென்றே இட்ட சுண்ணாம்பு அது. கசட்டில் 40 முதல் 50 வீதம் வரை காணப்படும். சுண்ணாம்பும் அமிலமும் சந்தித்தால் இரண்டும் மாளும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொன் கசட்டில் 450 கிலோகிராம் சுண்ணாம்பும் 250 கிலோகிராம் இரும்பு ஒட்சைட்டும் இருப்பதாகக் கொண்டால், இரும்பைக் கரைக்க 253 கிலோகிராம் ஐதரோக்குளோரிக் அமிலம் போதும். ஆனால் சுண்ணாம்பு அதற்கு முன்னதாக 586 கிலோகிராமை விழுங்கிவிடும். விருந்தினருக்கு ஆக்கிய சோற்றை வழியிலே நின்றவர் உண்டதைப் போன்றது இது. போதாக்குறைக்குக் கசட்டிலுள்ள சிலிக்காவும் கரைந்து, பின்னர் கூழாக உறைந்து வடிதுணியை அடைத்துக்கொள்ளும். இவ்வளவு செலவிற் பெறும் இரும்பின் விலையோ, சுரங்கத்து இரும்புக்கல்லின் விலைக்கு மேற்படாது. எனவே ஆய்வுகூடங்களில் நன்றாக நடக்கும் இம்முறை, இரும்புக்காக மட்டும் ஆலையிலே நடத்தக் கட்டுபடியாவதில்லை. உருக்குக் கசடு வீதிக்குப் பரப்பும் கல்லாகவே பெரும்பாலும் பயன்படுகின்றது. இந்தியாவிலே சூரத்துக்கு அருகே அசீராவில் 2022இல் முற்றிலும் உருக்குக் கசட்டைக் கொண்டே ஒரு வீதி அமைத்துக் காட்டினார்கள்.

இனிக் கரிய மணலுக்கு மீள்வோம். இல்மனைற்றிலே சுண்ணாம்பு இல்லை எனலாம். இருப்பவை முக்கியமாக இரண்டே பொருள்கள். அவற்றில் இரும்பு ஐதரோக்குளோரிக் அமிலத்தில் எளிதிற் கரைவது. தைத்தேனியமீரொட்சைட்டோ, தக்க வெப்பத்திலும் செறிவிலும் நடத்தினால் கரையாது நிற்பது. செலுத்திய அமிலமெல்லாம் குறித்த இலக்கையே சென்று தைக்கின்றது. கசட்டிலே தோற்ற முறை இங்கே வெல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆலையில் நடக்கும் முறை பின்வருமாறு. நீரோட்டத்தாலும் காந்தத்தாலும் பிரித்தெடுத்த இல்மனைற்றை முதலில் எரிநெய்யோடு சேர்த்துச் செந்தணலாக வறுக்கின்றார்கள். பழைய மணலிலுள்ள இரும்பின் ஒரு பகுதி நெடுங்காலக் காற்றினாலும் வெயிலினாலும் மிகுந்த ஒட்சிசனை ஏற்று, அமிலத்துக்கு எளிதிற் பணியாத நிலையில் இருக்கும். வறுக்கும்போது அவ்வொட்சிசன் கழன்று, இரும்பு கரையும் நிலைக்கு வருகின்றது. பின்னர் மணலை மூடிய பெரிய உருண்டைக் கலன்களில் இட்டு, 18 முதல் 20 வீதச் செறிவுள்ள அமிலத்தை ஊற்றி, 140 பாகை செல்சியசு அளவில் நீராவியால் வேகவைத்துச் சுழற்றுகின்றார்கள். அமிலத்தை ஒரு முறை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி மீண்டும் வேகவைப்பதும் உண்டு. முடிவிலே கலனைத் திறந்தால் கறுத்த மணல் வெளிறியிருக்கும். வியப்பு என்னவெனில், மணியின் உருவம் அப்படியே இருக்கும். இரும்பு மட்டும் உள்ளிருந்து கரைந்து வெளியேறியதனால், ஒவ்வொரு மணியும் தேனடையைப்போல் நுண்துளைகள் நிறைந்து நிற்கும். கழுவிச் சுட்டெடுத்த இப்பொருளுக்குச் செயற்கை உரூத்தைல் என்று பெயர். அதிலே தைத்தேனியமீரொட்சைட்டு 90 வீதத்துக்கு மேல்.

இம்முறையைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டிலே திருச்செந்தூருக்கு அண்மையில், காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்தில் உள்ள தாரங்கதாரா இரசாயனத் தொழிற்சாலை இதையே செய்து வருகின்றது. அவ்விடம் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் ஓர் அழகிய ஒழுங்கு புலனாகும். தூத்துக்குடிக் கரையெங்கும் உப்பளங்கள். உப்புநீரிலே மின்னைச் செலுத்தினால் ஒரு புறம் சவர்க்காரத்துக்கும் பிறவற்றுக்கும் வேண்டிய எரிசோடா கிடைக்கின்றது. மறுபுறம் குளோரீன் வாயு. விற்று முடியாத குளோரீன் ஆலையாருக்குப் பெரும் சுமை. அதனை ஐதரசனோடு எரித்து அமிலமாக்கி, அந்த அமிலத்தைத் தென்கரையின் இல்மனைற்றுக்கு ஊட்டினால், சுமையே முதலாகின்றது. உப்பும் கரிய மணலும் ஒரே கரையிற் கிடைக்கும் நாட்டுக்கே இந்த வாய்ப்பு உண்டு. நிலாவெளியிலும் உப்பளம் உண்டு, புல்மோட்டையில் மணலும் உண்டு என்பதைத் திருகோணமலை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கி வந்தது. 1980களில் போரின் காரணமாக அது நின்றுபோயிற்று. அமிலத்தையும் மணலையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி இந்நாட்டிலே பெருந்தொழிலாக உருவெடுக்கவில்லை.

இங்கேதான் பெரும்பாலான சொற்பொழிவுகள் முடிந்துவிடுகின்றன. மணலை மணலாக விற்பது மடமை, ஆலை கட்டினால் செல்வம் பெருகும் என்ற அளவிலே நிறுத்திவிடுகின்றார்கள். ஆனால் கரைந்துபோன இரும்பு எங்கே போயிற்று என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

தூய இல்மனைற்று ஒரு தொன்னிலுள்ள இரும்பு முழுவதையும் கரைக்க 481 கிலோகிராம் அமிலம் வேண்டும். 20 வீத அமிலமாக அளந்தால் அது 2.4 தொன். வேலை முடிந்ததும் இவ்வளவும் இரும்புக் குளோரைட்டு நிறைந்த, பச்சையும் மஞ்சளுமான, இன்னும் புளிப்பு மாறாத நீராக வெளிவருகின்றது. அதிலே காற்றுப் பட்டால் சிவக்கும். மீன் வாழும் நீரிலே கலந்தால், முதலிற் புளிப்பு மீனை வருத்தும். பின்னர் இரும்பு செந்நிறப் படலமாக உறைந்து அடியிலே படியும். அப்படியும்போது நீரிலுள்ள ஒட்சிசனையும் ஈர்த்துக்கொள்ளும். திறந்த கடலிலே அலையும் ஆழமும் அதனை ஓரளவு கலைத்துவிடலாம். இறக்கக்கண்டிக் களப்பைப் போன்ற ஆழமற்ற, வாய் ஒடுங்கிய நீர்நிலைக்கு அந்த வசதி இல்லை. இறால் குஞ்சுகள் வளருமிடம் அதுவே.

இந்த நீருக்குச் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. அதைச் செய்தால் தொழில் நிற்கும். செய்யாவிடில் தொழில் ஊரை அழிக்கும். உயர்ந்த உலையொன்றின் உச்சியிலிருந்து அந்நீரைத் தூறலாகச் சிதறி, கீழிருந்து வரும் நெருப்புக் காற்றிலே விழவிடுகின்றார்கள். இரும்புக் குளோரைட்டு நீராவியோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து பிரிந்துவிடுகின்றது. குளோரீன் மீண்டும் ஐதரோக்குளோரிக் வாயுவாகி எழுகின்றது. இரும்பு செந்தூளாகி அடியில் வீழ்கின்றது. வாயுவை நீரிலே உறிஞ்சச் செய்தால் 18 முதல் 20 வீத அமிலம் மீண்டும் கிடைக்கின்றது. மணலை வேகவைக்கத் தேவைப்பட்ட செறிவும் அதுவே. போன அமிலம் வீட்டுக்குத் திரும்பி வருகின்றது. உருக்குத் தகடுகளின் துருவை அமிலத்திலே கழுவும் ஆலைகளும் தம் கழுவு நீரை இவ்வாறே மீட்கின்றன. அமிலத்தில் ஊறவைப்பது பாதி வேலை. அமிலத்தை மீட்பது மற்றப் பாதி. இரண்டாம் பாதிக்கு எரிபொருட்செலவும், அமிலம் அரிக்காத கலன்களும், கண்ணுறங்காத கவனமும் வேண்டும் என்பதாலே அதைக் குறைத்துவிட ஆலைகள் ஆசைப்படுவதுண்டு.

அமிலம் மீண்டபின்னும் செந்தூள் மீதமிருக்கின்றது. ஒரு தொன் தூய இல்மனைற்றுக்கு அது அரைத் தொன்னுக்கு மேற்பட்டது. கணக்கின்படி 526 கிலோகிராம். கேரளத்திலே கொல்லத்துக்கு அண்மையில் சவறையில் அமைந்த, அம்மாநில அரசுக்குரிய கனிய நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. அங்கே அமிலத்தை மீட்கும் உலை உண்டு. ஆயினும் இரும்பு ஒட்சைட்டுக் கழிவு ஆண்டுக்கணக்காகக் குளங்களிலே குவிந்தது. அயலிலுள்ள கிணறுகளும் வயல்களும் கெட்டன என்று மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். அண்மை ஆண்டுகளிலே அந்தக் கழிவைச் சுத்திசெய்து, கட்டியாகச் சுட்டு, உருக்காலைக்கு ஏற்ற இரும்புப் பொருளாக்கும் முயற்சிகள் அங்கே நடைபெற்றுள்ளன. வேண்டாதது என்று தள்ளிய இரும்பு, சுற்றி வளைத்து உருக்குலையை நாடிச் செல்கின்றது. சாகுபுரத்தார் வேறொரு வழியைக் கண்டனர். கரைந்த இரும்பிலிருந்து மஞ்சளும் சிவப்புமான வர்ணப் பொடிகளை ஆக்கி விற்கத் தொடங்கினர். தரைக்கும் சுவருக்கும் பூசும் காவி நிறங்கள் அவை. இரும்பு வெறும் இரும்பாக விலை போவதைவிட வர்ணமாக விலை போவது மேல்.

திருவனந்தபுரத்திலே 1946இல் நிறுவப்பட்ட பழைய தைத்தேனிய ஆலை பின்பற்றியது இதனின் வேறான முறை. அங்கே இல்மனைற்று முழுவதையும் சல்பூரிக் அமிலத்திலே கரைத்து, அதிலிருந்து வெண்பொருளை மட்டும் உறையவைப்பார்கள். எஞ்சிய அமிலம் நீர்த்துப்போய், இரும்போடு கலந்து, மீட்பதற்கு அருமையானதாகிவிடும். வேளிக் கடற்கரையிலே நெடுங்காலம் அது கடலில் விடப்பட்டு வந்ததும், கடலும் மணலும் செம்பழுப்பானதும் அந்நகரத்தார் நன்கறிந்தவை. முறையைத் தெரிந்தெடுக்கும் நாளிலேயே கழிவின் தலைவிதியும் பாதி தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது என்பதற்கு இவ்வாலை ஒரு பாடம்.

பிற நாடுகள் அமிலத்தைக் குறைத்தே இக்காரியத்தைச் செய்ய முயன்றுள்ளன. மேற்கு அவுத்திரேலியாவிலே பெக்கர் என்பாரின் பெயரால் வழங்கும் முறையில், மணலைக் கரியோடு சுட்டு, இரும்பை மணிக்குள்ளேயே உலோகமாக்கிவிடுகின்றார்கள். பின்னர் அதனை நீரிலிட்டு, சிறிது நவச்சாரம் சேர்த்துக் காற்றை ஊதினால், உள்ளிருக்கும் இரும்பு துருவாகி வெளியே வந்து நீரிலே மிதக்கின்றது. கடைசிக் கழுவலுக்கு மட்டும் மெல்லிய சல்பூரிக் அமிலம். கடலோரத்து வீடுகளிலே யன்னற் கம்பியைத் தின்னும் துரு, அங்கே கூலியில்லாத வேலையாளாகின்றது. கனடாவின் சோரெல் நகரிலே 1950 முதல் மின்உலையில் இல்மனைற்றை உருக்கி, இரும்பை வார்ப்பிரும்பாக வடித்துவிடுகின்றார்கள். மேலே மிதக்கும் கசடே அங்கே அருமைப் பொருள். அதில் 80 வீதம் அளவில் தைத்தேனியமீரொட்சைட்டு. பிற்காலத்திலே அந்தக் கசட்டையும் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் வேகவைத்து, எஞ்சிய இரும்பையும் மகனீசியத்தையும் கழித்து, 95 வீதம் வரை உயர்த்தலாயினர். கசட்டை அமிலத்தில் ஊறவைக்கும் முறை பெருந்தொழிலாக நடக்கின்ற இடம் ஒன்றைக் காட்டுக என்றால் இதனைக் காட்டலாம். ஆனால் இரும்பைப் பெறுவதற்காக அன்று, அதனைப் போக்குவதற்காகவே அங்கே அமிலம் செலவாகின்றது. மலிந்த நீர்மின்வலு உள்ள நாடே அவ்வுலையைத் தாங்கும். இலங்கையின் மின்கட்டணத்தில் அது எளிதன்று.

இலங்கையிலே இரும்புக்கல்லை உருக்கும் பெரிய ஊதுலை கிடையாது. ஒறுவலையிலே 1960களில் சோவியத்து உதவியோடு எழுந்த உருக்குத் தொழிற்சாலையும் கம்பி உருட்டும் ஆலையாகவே விளங்கியது. எனவே உருக்குக் கசட்டைப் பற்றிய வினா இந்நாட்டுக்குச் சிறிது. கரிய மணலைப் பற்றியதே பெரிது. புல்மோட்டை இல்மனைற்றை அமிலத்திலே கரைத்து ஆராய்ந்த கட்டுரைகள் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து பல வந்துள்ளன. குடுவையிலே நடத்திய அவ்வாய்வுகள் பெரும்பாலும் எவ்வளவு இரும்பு கரைந்தது, எத்தனை மணி நேரத்திற் கரைந்தது என்பவற்றையே அளந்து சொல்கின்றன. குடுவையிலுள்ள கழிவைத் தொட்டியில் ஊற்றிவிடலாம்.

ஆலைக்கு அந்தத் தொட்டி எது என்பதை முதலிற் குறிக்கவேண்டும். ஆண்டுக்கு 50,000 தொன் தூய இல்மனைற்றைப் பதப்படுத்தும் நடுத்தர ஆலை ஒன்றைக் கற்பனை செய்தால், மேற்காட்டிய கணக்கின்படி 1,20,000 தொன் அமில நீர் ஆண்டுதோறும் சுற்றிவர வேண்டும். 26,000 தொன்னுக்கு மேற்பட்ட செந்தூள் ஆண்டுதோறும் ஓர் இடத்தில் இறங்க வேண்டும். நிலாவெளி தொடங்கிப் புல்மோட்டை வரையுள்ள கரையிலே, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட நிலம் பல இடங்களில் மிக ஒடுக்கமானது. மண்ணோ நீரை உடனே உள்ளே விடும் மணல். குடிநீர்க் கிணறுகளும் அதே மணலிலேதான் வெட்டப்பட்டுள்ளன. 2004 திசம்பர் 26இல் கடல் பொங்கி இக்கரையைக் கடந்து உட்சென்றது. கழிவுக் குளத்தின் கரையை எவ்வளவு உயரம் கட்டுவது, அடியிலே எதைப் பரப்புவது, செந்தூளை எந்தத் துறைமுகத்தின் வழியாக எவருக்கு விற்பது என்பவை, கலனின் வெப்பத்தைத் தீர்மானிக்கும் முன்னரே விடை காணவேண்டியவை. அவ்விடைகள் எழுதப்பட்ட தாளை முதலில் வாசித்துப் பார்க்கும் உரிமை, களப்பிலே வலை வீசுவோருக்கு உண்டு.